அப்பா பேர் ஒட்டுன டியூப்

இல்லக்கா, ரெண்டாவது தடவ எச்சில் தரமாட்டேன். நம்ம தேயிலத் தோட்டத்துல எல்லார்கிட்டயும் டிஎன்ஏ ஆராய்ச்சிக்குன்னு எடுத்த. திரும்ப என்கிட்ட மட்டும் ஏன் கேக்குற? ஒன் மேசையில எங்க ரிசல்ட் தாள பாத்துட்டேன். கெம்பஸ் படிப்ப பாதியில விட்டவன்தான், ஆனா அப்பாவோடதுல பாதி எனக்கு வந்திருக்கணும்னு தெரியும். ஒத்துப்போகாத எடமெல்லாம் செவப்புல வட்டம் போட்டிருக்க.

அம்மாவையே சந்தேகப்பட்டுட்டேன்.

நேத்து அப்பாகிட்ட நேரா கேட்டேன். சிரிக்கிறாரு. "வாயில வெத்தல இருந்துச்சுடா. வெறும் வாயா இருக்கணும்னாங்க. அதான் பக்கத்து லயத்து வீட்டு செல்லமுத்துவ என் டியூப்ல துப்பச் சொன்னேன்."

நம்புறதான்னு தெரியல. இந்த தடவ அவரு துப்புறத நீயே நின்னு பாரு. அவரு முன்னால பேச முடியாது, அதான் எழுதிக் கொண்டாறேன்.

வெத்தல போடாம, வாய கொப்புளிச்சிட்டு, ஒன் லேபுக்கு வர பேராதனை பஸ்ஸுக்கு நிக்கிறாரு. கூப்பிடுறாரு, நான் போகணும்.

ஒன் தம்பி