கம்பனி பூட்டினபடியே

மச்சான்,

மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் ரேடியேட்டர் தண்ணீரின் அந்த இனிப்பு நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. காலையிலிருந்து உன் வீட்டுக் கராஜில் குனிந்து நின்றதில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. கதிரையில் சாய்ந்தபடிதான் இதை எழுதுகிறேன்.

நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உன் மனைவி வெளியாரைப் பாராமல் இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் நான் கட்டுகஸ்தோட்டைப் பக்கமே வரவில்லை. நாம் சேர்ந்து எடுத்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அங்கே சும்மா நின்றது. போன கிழமை அவர் போன் எடுத்து, எப்போதும்போல் அண்ணன் முறை வைத்து, "நானா, கார வந்து பாருங்க, டயர் எல்லாம் எறங்கிக் கெடக்கு" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு வர மனமில்லை. அலுப்பாக இருந்தது.

பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் காருக்கே போயின. கிளட்ச், கார்புரேட்டர், இருக்கை உறை எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம், ஒன்றைத் தவிர. மாவனெல்லையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஒரு தரமாவது நிற்காமல் ஏறவேண்டும் என்பது உன் ஆசை. ஒவ்வொரு முறையும் பாதி ஏற்றத்தில் சூட்டு ஊசி சிவப்புக்குப் போய்விடும். ஓரங்கட்டி, பொனற்றைத் திறந்து, ஆவி அடங்கும்வரை நிற்போம். லொறிக்காரர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் எலக்ட்ரிக் ஃபேன் பூட்டினால் போதும் என்றாய். "கம்பனி பூட்டினபடியே இருக்கட்டும்" என்று நான் விடவில்லை. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் இருந்தவன் நான், வேறு எப்படி இருப்பேன். "இங்கிலாந்துக் குளிருக்குச் செஞ்ச கார் மச்சான், கடுகண்ணாவ ஏத்தத்த அவன் எங்க கண்டான்" என்பாய். நான் சிரிப்பேன். இசையமாட்டேன்.

கடைசியாக ஏறியபோது நீ வீதியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாய். முகம் வெளிறியிருந்தது. "வெயில்" என்றாய். உன் ஜனாஸாத் தொழுகையில் பின்வரிசையில் நின்றபோது என் மனதில் வேறெதுவும் ஓடவில்லை. ஒரு ஃபேன். அதைக்கூட உனக்கு விட்டுக்கொடுக்கவில்லை நான்.

அதனால்தான் இன்று ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பழைய தண்ணீரை வடித்து, முன் கிறில்லைக் கழற்றி, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் துளையிடப் பார்த்தால், அங்கே ஏற்கனவே நான்கு துளைகள். பட்டி வைத்து அடைத்து, மேலே சிவப்புப் பெயின்ற்றும் பூசியிருந்தது.

தேநீர் கொண்டுவந்த உன் மனைவி என் கையிலிருந்த ஃபேனைப் பார்த்தார். "இதே மாதிரி ஒண்டு உள்ளுக்கு அலுமாரியில இரிக்கிதே நானா."

"அதை எப்ப பூட்டினவர்?"

"போன வருஷம், ஒரு பொதன்கெழம. சுபஹு தொழுதிட்டு என்னையும் ஏத்திக்கிட்டுப் போனாரு. மாவனெல்லையில இரிந்து ஒரே மூச்சில ஏறிச்சி. மேல வந்து சின்னப்புள்ள மாதிரி ஹோர்ன் அடிச்சாரு. பின்னேரமே கழட்டிட்டாரு. ஞாயித்துக்கெழம நீங்க கண்டா மனசு நோகுமெண்டு செல்லி."

கள்ளன். அதற்குப் பிறகும் எத்தனை ஞாயிறு என்னோடு வந்து, ஒன்றும் தெரியாதவன் போல அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கல்லில் உட்கார்ந்த அன்றுகூட வாய் திறக்கவில்லையே.

நீ ஏறிவிட்டாய் என்று நெஞ்சு கொஞ்சம் ஆறுகிறது. என்னை விட்டுவிட்டு ஏறினாயே என்று கோபமும் வருகிறது. கோபப்படவும் எனக்கு முகமில்லை. நான் ஒரு வார்த்தை இசைந்திருந்தால் அந்தப் புதன்கிழமை நாம் இருவரும் போயிருப்போம்.

நான் கொண்டுபோனதை ஒதுக்கிவிட்டு உன்னுடையதையே எடுத்து வைத்தேன். பட்டியைக் குத்தி எடுத்ததும் துளைகள் ஒரு நூல் பிசகவில்லை. "சரி மச்சான், பூட்டுவம்" என்று சத்தமாகவே சொன்னேன். உன் மனைவி கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சொன்ன பிறகும் அந்தச் சொல் என்னிடமேதான் கிடக்கிறது, மச்சான். வாங்கிக்கொள்ள நீ இல்லை.