தொட்டியின் விளிம்பு

அக்கா,

காலையில் டைல் ஒட்டும் பசையை வாளியில் கரைத்தபோது ஈரச் சிமெண்ட் வாசம் எழுந்தது. நீ இருந்திருந்தால் முதலில் மூக்கைச் சுளித்திருப்பாய். பிறகு கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பாய்.

குவைத்தில் நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு நாகர்கோவிலுக்குத் திரும்பிய கையோடு, குளியலறையில் ஒரு தொட்டி கட்ட வேண்டும் என்றாய்.

"குழாயில தண்ணி வாறதே ஒருநாள் விட்டு ஒருநாளு. இதுல தொட்டியா?" என்றேன்.

"ஏட்டி, கண்டவனையெல்லாம் குளிப்பாட்டியாச்சு. ஒரு நாளாவது வெந்நியில காலை நீட்டிக் கெடக்காண்டாமா நான்?"

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "எக்கா, தொட்டியில பாசிதான் பிடிக்கும். பேசாம ஷவர் வைங்க" என்றார். அவர் போனதும், "குளிக்கப் போறது அவனா, நானா? நாமளே ஒட்டுவோம்" என்றாய். கோட்டாற்றுக் கடையில் டைல் வாங்கினோம். பழைய செய்தித்தாளை டைல் அளவுக்கு வெட்டித் தரையில் பரப்பினோம். தொட்டி வரும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அதற்குள் நீ கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தாய். விளிம்பு முழங்கால் உயரம் என்று சுவரில் பென்சிலால் குறித்தாய்.

அந்த மாதமே வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. சிகிச்சை தொடங்கிய பிறகு ஒரு நாள் நீயே பென்சிலை எடுத்து, கொஞ்சம் கீழே இன்னொரு கோடு போட்டாய். "இவ்வளவு உயரம் எதுக்கு? காலைத் தூக்கி வைக்க சோம்பலாட்டு இருக்கு." மழைக்காலத்தில் அடுத்த கோடு, ஒரு செங்கல் உயரத்தில். அது என்ன சொல்கிறது என்று நர்ஸாக இருந்தவளுக்குத் தெரியாதா? எனக்கும் தெரிந்தது. இருவரும் டைலின் நிறத்தைப் பற்றியே பேசினோம். பச்சை, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றாய்.

கடைசியில், "விளிம்பே வேண்டாம் மக்கா. தரையைச் சமமா விட்டுரு. ஒரு நாற்காலி போட்டா போதும்" என்றாய்.

அந்தத் தரையும் உனக்குக் கிடைக்கவில்லை. பழைய தரையில், அந்தக் கோடுகளுக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் குளிப்பாட்டினேன். "முதுகைத் தேய்க்கியா, தடவுதியா? நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்று அதட்டினாய். எலும்பு கையில் தட்டியதால்தான் தடவினேன்.

சர்ச்சில் எல்லோரும் நீ நல்ல இடத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. இந்த மடல் உன்னிடம் வந்து சேரும் என்றும் நம்பவில்லை. ஆனாலும் முதல் டைலை ஒட்டுவதற்கு முன் சொல்லிவிடத் தோன்றியது. தொட்டி கட்டவில்லை. என்னால் காலைத் தூக்கி வைக்க முடியும். இருந்தும், தண்ணீர் வடிய ஒரு சிறு சரிவு தவிர, தரையைச் சமமாகவே விடுகிறேன். மதியத்துக்குள் கோடுகள் டைலுக்குப் பின்னால் போய்விடும்.

எந்தப் படியைக் கண்டாலும் உன் காலுக்கு அளப்பது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. டவுன் பஸ்ஸின் முதல் படி உன்னால் முடியாது. வங்கி வாசலில் கையைப் பிடித்தால் ஏறிவிடுவாய். கல்லூரியில் நான் பாடம் நடத்தும் வகுப்பறை மாடியில் இருக்கிறது. தினமும் பாதிப் படியில் நின்று, உன்னைச் சற்று உட்கார வைத்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.