கப்சுன் அம்மாவுக்குக் காது கேட்டது

ஜொன்ஜு,
3 நவம்பர் 1993

அன்புள்ள சுன்தொக் அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? கிம்ச்சி ஊறுகாய் போடும் பருவம், உன் கை உப்பில் வெந்துபோயிருக்கும். போனில் பேசலாம்தான். ஆனால் உன் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் கப்சுன் என்று ஓர் அம்மா இருக்கிறார். நெல் வயல்காரி. சிறுநீரகக் கோளாறு என்று வந்தவரைக் கட்டிலில் சேர்த்ததே நான்தான். மறுநாள் காலையே, "அடியே நர்சு, பக்கத்துக் கட்டில்காரி விடுற குறட்டையில கூரை பறந்துரும் போலிருக்கு. என்னை வேற இடத்துக்கு மாத்து" என்று சண்டைக்கு வந்தார். இப்போது அவருக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. தலைமை மருத்துவர் ஹுவாங் ஐயா ஊசி மருந்தின் அளவைத் தவறுதலாகக் கூட்டிச் சொல்லிவிட்டார். அவரே என்னிடம் சொன்னார்.

பல வருஷம் கழித்துப் பூசானிலிருந்து வந்த மகளிடம், ஆஸ்பத்திரியில் சேரும்போதே அம்மாவுக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவோ "கேட்டுச்சுடி, எனக்கு நல்லா கேட்டுச்சு!" என்று கத்துகிறார். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மகள் நம்புகிறாள். முதியோர் இல்லத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மகள் கேட்டால் நானும் அதையேதான் சொல்ல வேண்டுமாம். ஹுவாங் ஐயா கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தக் காலத்துல உண்மை, பொய்னு தனித்தனியா ஒண்ணும் இல்லம்மா. அவங்கவங்க நிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா எல்லாமே உண்மைதான். இந்த ஆஸ்பத்திரி மூடிட்டா எத்தனை ஏழைங்க தெருவுல நிப்பாங்க?" எனக்கு வேலை தந்தவர். எங்கள் சபையின் மூப்பரும் அவர்தான். நான் என்ன செய்யட்டும், அக்கா?

எனக்காக ஜெபம் பண்ணு.

உன் தங்கை,
இன்ஹே

*

குன்சான்,
7 நவம்பர்

என் கண்ணான இன்ஹேவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குத்தான் சளி.

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எல்லாவற்றையும் நேர்கோடு போட்டுப் பார்ப்பாய். போன காது இனி நீ பேசினால் திரும்பி வருமா? ஹுவாங் ஐயா கெட்டவர் இல்லை. உனக்குச் சரி என்று படுவது உனக்கு, அவருக்குச் சரி என்று படுவது அவருக்கு. உங்கள் ஆஸ்பத்திரி சமையலறைக்கு எங்கள் வண்டியில் கிம்ச்சி கொண்டுவந்து போடுவதால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது என்பதையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

என் பேச்சைக் கேட்க வேண்டாம், ஆண்டவரிடம் கேள். ஜெபவீட்டில் கூ அம்மா இருக்கிறாள் அல்லவா, தரிசனம் காண்கிறவள்? ஒரு நடை போய் வா. அவள் வாயிலிருந்து வருவதை ஆண்டவர் சொன்னதாக எடுத்துக்கொள்.

நன்றாகச் சாப்பிடு. போன முறை பார்த்தபோது கன்னம் ஒட்டிக்கிடந்தது.

அக்கா சுன்தொக்

*

ஜொன்ஜு,
14 நவம்பர்

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே போனேன். கூ அம்மா என் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் ஆடினாள். பிறகு, "மகளே, கர்த்தர் உன் வாயைத் தேனால மூடியிருக்கார். திறக்காத. உன் அக்காவோட கிம்ச்சி வண்டி நிக்காம ஓடணும்னு சொல்றார்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. நான் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! ஆண்டவருக்கு உன் வண்டி தெரியாமல் இருக்காது, அக்கா. ஆனால் அவர் பேசியிருந்தால், அந்தக் கட்டிலில் கத்திக்கொண்டிருக்கிற அம்மாவைப் பற்றி ஒரு சொல்லாவது கேட்டிருக்க மாட்டாரா? கப்சுன் என்ற பெயரே அந்தத் தரிசனத்தில் இல்லை.

என் காதுக்கு இனிப்பதால் மட்டும் ஒரு குரல் அவருடையது ஆகிவிடாது. நீ அவளிடம் முன்கூட்டியே பேசினாயா என்று கேட்க எனக்கு மனமில்லை. நாளைக் காலை மகளிடம் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

இன்ஹே

*

குன்சான்,
17 நவம்பர்

இன்ஹேவுக்கு,

உனக்கு உன் மனசாட்சி பெரிது. எனக்கு என் பிள்ளைகளின் தட்டு. செய்வதைச் செய். அதன் பிறகு என் வீட்டு வாசலைத் தேடி வராதே.

சுன்தொக்

*

ஜொன்ஜு,
25 நவம்பர்

அன்புள்ள அக்கா,

நீ இதைப் படிப்பாயோ மாட்டாயோ, எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

உனக்கு எழுதிய மறுநாள் காலை மகளை வார்டு வாசலில் நிறுத்தினேன். தற்செயலா, ஆண்டவர் செயலா, ஹுவாங் ஐயாவும் அதே நேரம் அங்கே வந்துவிட்டார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் முன்னாலேயே சொன்னேன்: "உங்கம்மாவுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. இங்க வரும்போது காது கேட்டுச்சு. பக்கத்துக் கட்டில் குறட்டைக்கு என்கூடச் சண்டை போட்டாங்க."

மகள் அவரைப் பார்த்தாள். என் சீட்டு அப்போதே கிழிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுவரோடு இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். "மருந்தோட அளவைத் தப்பாச் சொன்னது நான்தாம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு சொல்லாம விட்டிருந்தா நான் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அக்கா. வெகுதூரம் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் போல இருந்தார்.

மகள் உள்ளே ஓடி, அம்மாவின் உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கப்சுன் அம்மா அதைக் கண் கொட்டாமல் பார்த்தார். "அப்போ நான் பைத்தியம் இல்லையாடி?" என்று வார்டே அதிரக் கேட்டார். பிறகு சிரித்தார். அவருடைய மகள்தான் அழுதாள்.

முதியோர் இல்லப் பேச்சு நின்றுவிட்டது. நஷ்டஈடு, விசாரணை எல்லாம் இனிமேல்தான். ஹுவாங் ஐயா மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உன் வண்டி விஷயம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அது ஒன்றுதான் என்னை அரிக்கிறது.

உன் இன்ஹே

*

குன்சான்,
9 டிசம்பர்

என் இன்ஹேவுக்கு,

உன் கடிதம் வந்து இத்தனை நாளாகிறது. கடைக்கும் வீட்டுக்கும் அதைத் தூக்கிக்கொண்டே அலைந்தேன்.

நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். கூ அம்மாவிடம் முதலில் போனது நான்தான். அழுதேன், வண்டியைப் பற்றியும் சொன்னேன். என் பயத்துக்கு ஆண்டவர் பெயரைச் சூட்டி உன்னிடம் அனுப்பிவிட்டேன். சபையில் எத்தனை வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து என்ன பயன்?

ஆஸ்பத்திரி சமையலறையிலிருந்து ஆள் வந்தார். பாதி வாங்குவார்களாம், மீதி பிறகு பார்க்கலாமாம். அத்தான் சந்தையில் தள்ளுவண்டி போடுகிறேன் என்கிறார். பட்டினி கிடக்க மாட்டோம். அது உன்னை அரிக்க விடாதே.

நேற்று ஒரு காரியம் செய்தேன். உங்கள் வார்டுக்குப் போன் பண்ணி விசாரித்து, கப்சுன் அம்மாவின் ஊருக்கே போய்விட்டேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காது என்று தெரிந்தே, "மன்னிச்சிருங்கம்மா" என்றேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "சாப்டியாடி?" என்று ஊரே கேட்கக் கத்திக் கேட்டுவிட்டு, எழுந்து போய் ஒரு கிண்ணம் சூடான சோற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

சாப்பிட்டேன், இன்ஹே. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை வா. ராத்திரி தங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

உன் அக்கா,
சுன்தொக்