ராய்லி அண்ணி படியவைத்த துப்பாக்கி

ஆகஸ்ட் 17

வேட்டைத் துப்பாக்கி வாங்கிவிட்டேன். எடை, நீளம், விலை என்று மூன்று வாரமாக நான் போட்ட பட்டியலைப் பார்த்து ராய்லி அண்ணி சிரித்தாள். "படிச்சுப் பட்டம் வாங்கினது போதும்டி. தோள்ல வச்சுப் பாரு."

கயானி நகரத் துப்பாக்கிக் கடைக்காரர் இலேசான ஒன்றை நீட்டினார். "பொண்ணுங்களுக்கு இதுதான் சுளுவு."

"தூக்குறதுக்குச் சுளுவு. சுட்டா தோளைப் பேத்துடும். அந்தப் பழசை எடுங்க."

வால்நட் மரக்கட்டை, குண்டு ஏற்ற இழுக்கும் தாழ்ப்பாள் இடப்பக்கம். நான் இடதுகைக்காரி என்று கடைக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட்டு நின்றேன். அண்ணிக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 25

மைதானத்தில் நாலு குண்டு, நாலு திசை.

ஊர் வேட்டைக்குழுவில் ஓர் இடம்தான் காலி. செப்டம்பர் 15 கடைசிச் சுடும் பரீட்சை: எழுபத்தைந்து மீட்டரில், மூஸ் மான் படத்து வட்டத்துக்குள் நாலு குண்டும் விழ வேண்டும்; இரண்டு சுற்று வாய்ப்பு உண்டு. தவறினால் அந்த இடம் தலைவர் அவ்லிஸின் மருமகனுக்கு.

"என் கைதான் சரியில்ல அண்ணி."

அவள் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதத்தை நுழைத்தாள். பாதியில் சிக்கியது. "மரம் ஊதிக் குழலை முட்டுது. உள்ள இரும்பும் ஆடுது. உன் கைமேல பழி போடாத."

செப்டம்பர் 4

படகு ரிப்பேர் செய்கிற அண்ணிக்குப் பிசின் புதிதா என்ன! கட்டையின் உட்குழியைச் சுரண்டினாள். ஒட்டிக்கொள்ளாதபடி இரும்பு முழுக்க மெழுகு தடவினாள், திருகாணித் துளைகளைக்கூட விடவில்லை. பிசினை ஊற்றி, இரும்பு ஆடாமல் அதில் படியும்படி அழுத்தினாள். மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல்களுக்கு எந்தக் கல்லூரி பட்டம் கொடுக்கும்?

"ரெண்டு நாள் தொடாத."

செப்டம்பர் 5

தொட்டேன். சீக்கிரம் இறுகட்டுமே என்று நீராவிக் குளியலறையான சவுனாவில் இளஞ்சூடு போட்டு மேல் பலகையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு தோண்டிவிட்டு வந்த அண்ணன் தாப்பியோ, அடுப்பு சூடாக இருந்தால் வேறு எதை நினைப்பான்? இன்னும் நாலு விறகைத் திணித்தான், துப்பாக்கியை ஓரமாகத் தள்ளினான், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினான். பிசின் இளகி இரும்பு கோணிக்கொண்டது. மரம் ஊறிவிட்டது.

"நீ குளிக்கத்தான் வச்சிருக்கேன்னு நெனச்சேன்டி!"

ஐயோ. எல்லாம் போச்சு. அண்ணி மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?

செப்டம்பர் 6

திட்டவில்லை. "அடுத்த தடவ அதுக்கும் ஒரு துண்டு குடுத்து அனுப்பு" என்றாள். அவ்வளவுதான். நான்தான் அழுதேன்.

செப்டம்பர் 11

மரம் காயும்வரை ஐந்து நாள் காத்திருந்தாள். மறுபடி சுரண்டல், மெழுகு, பிசின். இந்த முறை மெழுகு தடவியது நான். ஓர் இடம் விட்டுவிட்டேன். அவள் வெறுமனே விரலால் காட்டினாள்.

செப்டம்பர் 13

கட்டையிலிருந்து இரும்பு டக் என்று பிரிந்தது. இரும்பின் ஒவ்வொரு விளிம்பும் பிசினில் அச்சாகப் பதிந்திருக்கிறது. காகிதம் குழலின் அடியில் கடைசிவரை ஓடியது. எவ்வளவு அழகு! சாயங்காலம் மைதானத்தில் சுட்டுப் பார்த்தேன். மூன்று குண்டும் ஓர் உள்ளங்கைக்குள்.

செப்டம்பர் 15

முதல் சுற்றில் மூன்று உள்ளே, ஒன்று வெளியே. விசையைச் சுண்டிவிட்டேன். இப்போது பழி போட என் கையைத் தவிர ஒன்றுமில்லை, அதுவே தைரியமாக இருந்தது. இரண்டாம் சுற்று: நாலும் உள்ளே.

அவ்லிஸ் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கட்டைய யாரு படிய வச்சது?"

"எங்க அண்ணி" என்றேன். சத்தமாகவே.

அக்டோபர் 12

உறைபனி. மூஸ் வேட்டையின் முதல் நாள். சதுப்பு ஓரம், குழுவில் எனக்குக் கிடைத்த ஏழாவது காவல் நிலை. வாக்கி-டாக்கியில் அவ்லிஸ்: "ஏழு, இருக்கியாம்மா?"

"இருக்கேன்."