சிவப்புக் கோட்டுக்குக் கீழே

மார்ச் 4

என் வீட்டுக்காரிக்கு,

இது மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் அல்ல. நானே எழுதுகிறேன். மாலை வகுப்பில் கற்றுக்கொண்டது. ஒரு பக்கம் எழுத, ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற நேரம் ஆகிறது. ஆனாலும் சுவரை விட இது அழகாகத்தான் இருக்கிறது.

முதலில் நலம் எழுத வேண்டும் என்றார் வாத்தியாரம்மா. நலம்தான். உன் அக்காவின் இடுப்பெலும்பு கூடி வருகிறதா?

ஊசியில் இருக்கும் பொடி எண்கள் எனக்குப் பிடிபடாது என்று, நீ கிளம்பும் முன் ஒரு பெட்டி ஊசிக்கும் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு வைத்தாயே, அந்தக் கோடு வரை இன்சுலினை இழுத்துத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன்.

இனிதான் பெரிய செய்தி. ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது சுவரில் இருந்த பலகையை யாரையும் கேட்காமல் படித்தேன். 'சர்க்கரை நோயா? சோறு, ரொட்டி, கிழங்கு குறையுங்கள். முட்டை, மீன், கீரை, காய் சேருங்கள்.' டாக்டர் வாயால் சொன்னதை இத்தனை வருஷம் நான் காதில் வாங்கவில்லை. நானே படித்ததை எப்படித் தட்டுவது? அன்றோடு சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டேன். மெஷினில் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது.

ஒரே தொல்லை, எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. புதிதாக எழுதுகிறவன்தானே, போகப் போகச் சரியாகிவிடும்.

உன் பெயிண்டர்

---

மார்ச் 9

பெயிண்டர் ஐயாவுக்கு,

கடிதத்தை அக்காவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "உன் புருஷன் எழுத்து ஏணியில ஏறுதுடி" என்றாள். சிரித்தோம். கடைசிப் பத்தியில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

சாரத்தில் ஒற்றைக் காலில் நின்று மூன்றாம் மாடி ஜன்னலுக்கு விளிம்பு தீட்டிய கை. அது பேனாவுக்கா நடுங்கும்? நீங்கள் தட்டு நிறையச் சோறு சாப்பிட்ட காலத்தில் போட்ட கோடு அது. சோற்றை நிறுத்திவிட்டு அதே கோடு வரை போட்டால் உடம்பு தாங்குமா? கடிதம் கண்டதும் டாக்டரிடம் போங்கள். சட்டைப் பையில் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். "அவருக்கு ஊசி போட ஆள் வேணும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் கவிழ்த்த பானைக்குச் சொந்தக்காரி

---

மார்ச் 14

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே விழுந்துவிட்டேன். பயப்படாதே, எழுந்துதான் எழுதுகிறேன்.

வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். எழுத்தெல்லாம் நீந்தியது. அப்புறம் தரைதான். வாத்தியாரம்மா தன் டீக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கரைத்துப் புகட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"யாருங்க உங்களைச் சோத்த நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"உங்க பலகைதான்."

கையைப் பிடித்துப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'இன்சுலின் போடுபவர்கள் டாக்டரைக் கேட்டு அளவை மாற்றிய பிறகே உணவை மாற்றவும்.'

"இதைப் படிக்கலையா?"

"படிக்கறதுக்குள்ள நர்ஸம்மா கூப்பிட்டுட்டாங்க. நான் மெதுவாத்தானே படிப்பேன்."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. உன் கோட்டின் அளவான இருபத்திரண்டு யூனிட்டைப் பன்னிரண்டாகக் குறைத்தார். சோறில்லாத சாப்பாடே தொடரட்டும், ஆனால் தினமும் சர்க்கரையைப் பார்த்து எழுதி வந்து காட்ட வேண்டுமாம். ஊசியில் பன்னிரண்டு எங்கே இருக்கிறது என்று நானே தேடிக் கண்டுபிடித்தேன். உன் கோடு இனி தேவைப்படாது.

உன் பெயிண்டர்

---

மார்ச் 20

பெயிண்டர் ஐயாவுக்கு,

பிழைத்தீர்கள். வாத்தியாரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஊசிக்கு ஆள் வேண்டும் என்பதுதான் அக்காவிடம் நான் சொல்லிவந்த சாக்கு. அதையும் படித்துத் தீர்த்துவிட்டீர்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது "வா" என்று கூப்பிட்டிருக்கிறீர்களா? "சோறு போடு", "ஊசி போடு", அவ்வளவுதான். இப்போது சோறும் வேண்டாம், ஊசிக்கும் ஆள் வேண்டாம்.

அந்த நகப்பூச்சு வாங்கும்போது கடைக்காரப் பெண், "இந்தச் சிவப்பு உங்க கைக்கு எடுப்பா இருக்கும்மா" என்றாள். ஊசிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் இங்கேயே இருந்துவிடட்டுமா? உங்கள் கையாலேயே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

பி.கு. அக்கா கோலூன்றி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

---

மார்ச் 26

என் வீட்டுக்காரிக்கு,

இந்த முறை அவசரப்படவில்லை. உன் கையெழுத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்தேன். அதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

டாக்டர் இன்னும் குறைத்திருக்கிறார், இப்போது பத்து. கை நடுக்கம் நின்றுவிட்டது. இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும், ஏணி ஏறவில்லை.

மிச்சம் இருக்கும் ஊசிகளைத்தான் எடுக்கிறேன். தினமும் உன் கோட்டுக்குக் கீழேயே நிறுத்திவிடுகிறேன். கோடு மேலே சும்மா நிற்கிறது. சும்மா நின்றாலும் அதைப் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுக்க முடியவில்லை.

மீன் வறுக்க எனக்குத் தெரியும். ஊசியும் நானே போட்டுக்கொள்வேன். ஒன்றுக்கும் நீ வேண்டியதில்லை.

வா.

அந்த நகப்பூச்சை நகத்தில் பூசிக்கொண்டு வா. விளிம்பு தாண்டாமல் அடித்திருக்கிறாயா என்று நான் பார்க்க வேண்டும்.

உன் பெயிண்டர்