ஒரு மூட்டை நெல்லைத் தாங்கிய துணி

என் உயிர் நஸ்ரினுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளையும் அவள் அப்பாவும் தூங்கின பிறகுதான் கை ஓய்கிறது. ஆனால் இந்தச் செய்தியை விடியும்வரை வைத்திருக்க என்னால் ஆகாது. தூளி தாங்கிவிட்டதுடி!

எந்தத் தூளி என்று கேட்கமாட்டாய். காலேஜ் விடுதி மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு பேசிப் பேசி மாய்ந்தோமே, அதுதான். வேளாங்கண்ணிப் பக்கம் சவுக்குத் தோப்பில் மரத்துக்கு மரம் கட்டி இரவெல்லாம் படுக்க, தோள்பையில் அடங்குகிற தூளி. கடையில் வாங்கக் கூடாது, நாமே தைக்கணும் என்றாய். துணி எடுக்கப் போவதற்குள் உனக்குக் காய்ச்சல். உன் ஊர் கூத்தாநல்லூருக்குப் போனாய். திரும்பி வந்தது நீ இல்லை, உன் சாவுச் செய்தி.

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே பயம். என் மகள் இனியா படியேறினால் பயம், தும்மினால் பயம். அவள் "மரத்துல கட்டிப் படுக்கணும்மா" என்று அடம்பிடித்தபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் நினைப்பு வந்து "சரி" என்றுவிட்டேன். ஒரே நிபந்தனை: ஒரு மூட்டை நெல்லைத் தாங்காத துணியில் என் பிள்ளை படுக்கமாட்டாள்.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அம்மாவின் பழைய நூல்புடவையை எடுத்தேன். புதுத்துணி உறுத்தும், பச்சைப் பிள்ளைக்குப் பழம்புடவைதான் தூளி என்று கேட்டே வளர்ந்தவள் இல்லையா? அதே நினைப்பு, பள்ளிக்கூடம் போகிறவளுக்கும்! கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டி மூட்டையை வைத்தோம். டர்ரென்று கிழிந்தது. தரையெல்லாம் நெல், கோழிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு.

"ஏன் கயலு, வயல் பத்தலைன்னு கொல்லையிலயும் வெதைக்கிறியா?" என்றார் அத்தை.

அடுத்து புதுக் காடாத் துணி. தாங்கியது. ஆனால் சுருட்டினால் தலையணை அளவு. ஒரு ராத்திரி பனியில் விட்டதும் நனைந்த சாக்குபோல் கனத்தது. இதைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கே போவது?

கடைசியில் தஞ்சாவூரில், பை தைப்பவர்களுக்குத் துணி விற்கிற கடை.

"ஸ்கூல் பேக்குக்கா மேடம், மழைக்கோட்டுக்கா?"

"படுக்கிறதுக்குண்ணே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பாராசூட் துணி இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்றை வாயில் வைத்து ஊதினேன். ரப்பர் பூச்சு, மூச்சே நுழையவில்லை. படுத்தால் வேர்த்து ஊற்றும். மற்றதில் காற்று மெல்லக் கசிந்தது. மெல்லிய துணி, இடையிடையே தடித்த நூல் ஓடிச் சின்னச் சின்னக் கட்டங்கள். சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தி இழுத்தேன்.

"ஐயோ மேடம், துணியைக் கிழிக்கிறீங்களே!"

"கிழியலையேண்ணே, பாருங்க."

ஓட்டை அந்த ஒரு கட்டத்தோடு நின்றுவிட்டது, நஸ்ரின். உன் துப்பட்டாவைவிடக் கொஞ்சம்தான் கனம்.

ஓரத்தை இரட்டையாய் மடித்துத் தைத்து இன்று சாயங்காலம் கட்டினோம். மூட்டையை வைத்தோம். தென்னை முனகியது, துணி முனகவில்லை. "நானும் ஏறட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர். "ஏறுங்க!" மூட்டையின்மேல் அவரும் உட்கார்ந்து ஆடினார். தாங்கியது!

பிறகு இனியா. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "விடும்மா," என்றாள். எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டதா?

"செத்த எறங்குடி, நானும் பாக்குறேன்," என்று அத்தை ஏறினார். ஏறியவர் குறட்டைதான் விட்டார்.

பொங்கல் லீவில் சவுக்குத் தோப்புக்கு அவளைக் கூட்டிப்போகிறேன், இது சத்தியம். துணி இரண்டு தூளிக்கு எடுத்திருக்கிறேன். ஒன்று எனக்கும் இனியாவுக்கும். பக்கத்து மரத்தில் உன்னுடையது.

உன் தூளிக்கு ஓரம் அடிக்க என்ன நிற நூல் போடட்டும்? சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா கல்யாணத்தில்
சுற்றி உட்கார்ந்து கூடிச் சாப்பிடும் ஒரே சகன் தட்டில் உன்னோடு கை நனைத்த தங்கச்சி,
கயல்