வயலில் வைத்த பொட்டு

அக்கா, இன்று சரஸ்வதி பூசை. காலையில் சந்தனம் குழைத்தேன். மணம் அறையில் பரவியதும், சுவரில் இருந்த உங்கள் லண்டன் படத்தை இறக்கிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது லண்டன் புறநகர் ஒன்றின் தெரு வரைபடம், விக்டோரியா மகாராணி காலத்தது. லிபெர்த்தாத் தெருவில் நீங்கள் வேலை செய்த வீட்டு இத்தாலிய எசமானி, சிஞ்ஞோராவின் கணவர் இப்படிப் பழைய படங்களாகவே சேர்த்துவிட்டுக் கண்ணை மூடியவர். அதே கட்டடத்தில் மேல்மாடியில் எனக்கு வேலை. உங்கள் ஒரே மகள் கலியாணம் கட்டிப் போனது அந்தப் புறநகருக்குத்தான் என்று அறிந்ததும், அவள் வீட்டருகே இருக்கிற தேவாலயத்தைச் சிஞ்ஞோரா பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பிடித்தார். பக்கத்தில் தெருவே இல்லை, வெறும் வயல். மகளைப் பார்க்கப் போக நீங்கள் கேட்ட வீசாவை அந்தக் கிழமைதான் மறுபடியும் மறுத்திருந்தார்கள்.

"அவளின்ர வீடு இன்னும் கட்டேல்லை. அதுதான் வீசா தரேல்லையாக்கும்" என்றீர்கள். நீங்கள் சிரிக்க, எனக்குத்தான் அழுகை வந்தது.

அதன்பிறகு தூசி தட்டுகிற சாட்டில் தினமும் அந்த வயலைத் தொட்டுக்கொண்டு நிற்பீர்கள். போனில் பார்த்தால் வாசலே தெரியுமே என்று நான் பகிடி பண்ணினால், "அது தொட்டால் ஓடிப்போகுதடி" என்பீர்கள்.

பிறகு அந்தச் சரஸ்வதி பூசை. சிஞ்ஞோரா பகேரியாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். நம் வழக்கப்படி வேலைச் சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்தீர்கள்: ஸ்திரிக்கைப் பெட்டி, தும்புத்தடி, அடுப்பு. கண்ணாடி மாற்றுவதற்காகப் படம் சட்டத்தை விட்டு மேசையில் கிடந்தது. அதற்கும் ஒன்று. வெறும் தாளில், ஈரச் சந்தனமும் குங்குமமும்.

சிஞ்ஞோரா வந்து போட்ட சத்தம் மேல்மாடிக்குக் கேட்டது. நான் ஓடிவந்தபோது நீங்கள் சுவரோடு ஒட்டி நின்றீர்கள்.

"பிள்ளையின்ர வீட்டுக்கு ஒரு பொட்டு வைச்சனான். வேற ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லடி."

சொன்னேன். சிஞ்ஞோரா கதிரையில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்து எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்டார். அடுத்த வருசப் பூசைக்கு அவரே படத்தின் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பொட்டு வைக்க உங்களைக் கூப்பிட்டார்.

கடைசியாகக் கேட்ட வீசாவுக்குப் பதில் வருவதற்குள் உங்களுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. மகள் செத்தவீட்டுக்கு வந்தாள், அக்கா. நாடு விட்டுப் பயணம் செய்கிற கடதாசி அந்த மாதம்தான் அவள் கைக்குக் கிடைத்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது.

சிஞ்ஞோரா படத்தை அவளிடம் கொடுத்தார். என் அறையில் வைத்து அவள் அதில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அன்ரி, இது வேற சேர்ச். என்ர வீடு ரயில் பாதைக்கு அங்காலை."

அவள் பொட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு, "சிஞ்ஞோராவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அம்மா தொட்டது, இஞ்சை உங்களோடையே இருக்கட்டும்" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் நான் இரண்டு பொட்டு வைக்கிறேன், அக்கா. ஒன்று ரயில் பாதைக்கு அங்கால், அவள் இருக்கிற இடத்தில். மற்றது அந்த வயலில், நீங்கள் அவளைக் குடிவைத்திருந்த இடத்தில்.